விடியற்பொழுதைத் தமிழில் எழுதப் பழகுவோருக்கு: வைகறை முதல் இளவெயில் வரை

தமிழில் புதிதாக எழுத வருகிறவர்கள் காலையின் தொடக்கத்தைச் சொல்ல வேண்டிய இடங்களில் எல்லாம் ‘அதிகாலை’ என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்திவிடுகிறார்கள். இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் நடந்த விபத்தும் அதிகாலை, நான்கரை மணிக்கு நடை திறந்த கோயிலும் அதிகாலை, சூரியன் மேலே வந்துவிட்ட பிறகு கடற்கரையில் நடக்கப் போனதும் அதிகாலை என்று எழுதினால், அப்போது வானம் எப்படி இருந்தது, எதிரே வந்தவரின் முகம் தெரிந்ததா, தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்ததா என்று எதுவும் படிப்பவர் மனத்தில் பதியாது. அந்த நான்கு மணி நேரத்துக்குள் தமிழில் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வானத்தில் ஓர் இடம் உண்டு. ஆகவே, கடிகாரத்தை வைத்து அல்லாமல் வானத்தை வைத்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செய்தி, கதை, பயணக் குறிப்பு, கோயில் அறிவிப்பு, அழைப்பிதழ் என்று எதை எழுதத் தொடங்கியிருந்தாலும், அதற்கான வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி: பத்து நாழிகைக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

பழந்தமிழ் இலக்கணம் பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது என்று இரண்டாகப் பிரிக்கிறது. பெரும்பொழுது ஆண்டின் பிரிவு, சிறுபொழுது நாளின் பிரிவு. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். காலை, நண்பகல், எற்பாடு (பிற்பகல்), மாலை, யாமம், வைகறை என்னும் ஆறு சிறுபொழுதுகளுக்கும் தலைக்கு 10 நாழிகை, அதாவது 4 மணி நேரம் என்பதே இன்று பள்ளிகளில் சொல்லித்தரப்படும் கணக்கு. காலை 6 மணியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால், பின்னிரவு 2 மணி முதல் 6 மணி வரை வைகறை என்று கிடைக்கும்.

இந்தக் கணக்கு நல்ல சட்டகம்தான். ஆனால் அதை மட்டும் நம்பி எழுதினால் மறுபடியும் கடிகாரத்துக்கே வந்து சேர்வோம். தொல்காப்பியம் மருதத் திணைக்குரிய பொழுதைச் சொல்லும்போது ‘வைகறை விடியல் மருதம்’ என்று இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறது. வைகறையும் விடியலும் ஒன்றல்ல என்பதை இதிலிருந்து நினைவில் கொள்ளலாம். வைகறை இருளைச் சேர்ந்த பொழுது. இரவின் கடைசிப் பகுதி அது. விடியல் ஒளியைச் சேர்ந்த பொழுது. பகல் அதிலிருந்து தொடங்குகிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றச் சொற்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தாமாகவே போய்ச் சேரும்.

இரண்டாம் படி: வானம் வெளுக்கும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

சூரியன் அடிவானத்துக்கு 18 பாகை (டிகிரி) கீழே இருக்கும்போதே அதன் ஒளி மேல்காற்றில் பட்டுச் சிதறத் தொடங்கிவிடும். இதற்கு முன் இருப்பது முழு இரவு. 12 பாகைக்கு வரும்போது கடலும் வானும் சேரும் கோடு கண்ணுக்குப் புலப்படும். 6 பாகைக்கு வந்துவிட்டால் விளக்கின் உதவி இல்லாமலே வெளிவேலை செய்யலாம். பெரும்பாலான விண்மீன்கள் மறைந்திருக்கும். சென்னையைப் போன்ற ஓர் ஊரில் இந்த மூன்று நிலைகளும் சூரியன் தோன்றுவதற்கு முறையே 70 முதல் 78 நிமிடம், 45 முதல் 50 நிமிடம், 21 முதல் 24 நிமிடம் முன்பாக வரும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக மேலேறுவதால்தான் நம் பக்கத்தில் விடியல் இவ்வளவு விரைவாக முடிந்துவிடுகிறது.

சூரியன் தோன்றும் நேரம் என்று நாளிதழ்களிலும் வானிலைக் குறிப்புகளிலும் போடுவது, அதன் மேல்விளிம்பு அடிவானத்தைத் தொடும் கணத்தை. காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால், அந்தக் கணத்தில் சூரியன் உண்மையில் இன்னும் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது. விளிம்பு தெரிந்ததிலிருந்து வட்டு முழுவதும் வெளிவர நம் ஊரில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலாகும். ‘சூரியன் எட்டிப் பார்த்தது’, ‘பாதி எழுந்தது’, ‘முழுதாக மேலே வந்தது’ என்று மூன்று வாக்கியம் எழுதுகிறவர், அவை மூன்றுக்கும் இடையே இருப்பது இரண்டே நிமிடம் என்பதை மறந்துவிடக் கூடாது. கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கைப்பேசியை எடுத்துச் சரிசெய்வதற்குள் சூரியன் தண்ணீரை விட்டு மேலே வந்துவிடும்.

நேரமும் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. சென்னையில் மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் 5.42 மணி அளவிலேயே சூரியன் வந்துவிடும். ஜனவரி மாதப் பின்பகுதியில் 6.35 மணி அளவில்தான் வரும். ஆகவே ஐந்தரை மணி என்பது சித்திரை, வைகாசியில் நல்ல வெளிச்சம். தை மாதத்தில் இருட்டு. ‘ஐந்தரை மணிக்குப் பொழுது புலர்ந்துகொண்டிருந்தது’ என்று எழுதுமுன் எந்த மாதம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் வாழும் தமிழர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். லண்டனில் ஜூன் மாதம் 4.43 மணி அளவில் சூரியன் தோன்றுகிறது. அந்தக் கோடைவாரங்களில் வானம் முழு இருட்டுக்குப் போவதே இல்லை. டிசம்பர் இறுதியிலோ சூரியன் வர 8.06 மணி ஆகிவிடும். அங்கே மார்கழி மாதம் ஏழு மணிக்கு வேலைக்குப் புறப்படுகிறவர் கடிகாரத்தின்படி காலையில் போகிறார். வானத்தின்படி அவர் வைகறையில்தான் போகிறார், அப்படி எழுதுவதில் தவறும் இல்லை.

மூன்றாம் படி: சொற்களை இருளிலிருந்து ஒளிக்கு வரிசைப்படுத்துங்கள்

நள்ளிரவு தாண்டி, வானத்தில் எந்த மாற்றமும் தெரியாத நேரத்துக்குப் ‘பின்னிரவு’ என்பதே சரியான சொல். ‘கடையாமம்’ என்றும் எழுதலாம். ‘சாமக்கோழி கூவும் நேரம்’ என்று பேச்சில் சொல்வார்கள். இரண்டு மணி விபத்தைச் செய்தித்தாள்கள் ‘அதிகாலை 2 மணி’ என்று எழுதுவது நிலைத்துவிட்ட வழக்கு. செய்தி எழுதுகிறவர் அதை மாற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால் கதையிலோ கட்டுரையிலோ அதே நேரத்தைப் ‘பின்னிரவு இரண்டு மணி’ என்று எழுதினால்தான் அந்த இருட்டு வாசகருக்குத் தெரியும்.

அடுத்தது ‘வெள்ளி முளைக்கும் நேரம்’. கிழக்கில் சூரியனுக்கு முன்னால் ஏறிவரும் சுக்கிரன்தான் விடிவெள்ளி. இதைப் பயன்படுத்துவதில் ஒரு நிபந்தனை உண்டு: விடிவெள்ளி எல்லா நாளும் வராது. சுக்கிரன் நம் வானில் தோன்றி மறையும் சுற்றை 584 நாளுக்கு ஒருமுறை முடிக்கிறது. அதில் ஏறக்குறைய எட்டரை மாதம் மட்டுமே காலை வானில் இருக்கும், மற்றொரு பெரும்பகுதி மாலை வானில் இருக்கும், இடையில் சூரியனுக்கு அருகே போய் மறைந்தும் போகும். குறிப்பிட்ட ஆண்டையும் மாதத்தையும் சொல்லி எழுதும் கட்டுரையில் விடிவெள்ளியைக் கொண்டுவருகிறவர் அந்த மாதத்தில் அது காலையில்தான் இருந்ததா என்று ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. திருப்பாவையில் ‘வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று’ என்று வருவதைப் படிக்கும்போது, ஒரு கோள் எழுவதையும் மற்றொன்று மறைவதையும் கண்ணால் கண்டு சொன்ன துல்லியம் அதில் இருப்பதை உணரலாம். நாமும் அந்த அளவுக்குக் கவனமாக எழுதலாமே என்பதுதான் என் ஆசை.

இதற்குப் பின் வருவது ‘வைகறை’. கணக்கின்படி அது நான்கு மணி நேரம் நீண்டாலும், எழுத்துவழக்கில் அதன் கடைசிப் பகுதியையே, அதாவது முதல் வெளிச்சம் வரப்போகிற அந்த நேரத்தையே, பெரும்பாலும் குறிக்கிறது. கொஞ்சம் செவ்வியல் மணம் உள்ள சொல் இது. கவிதைக்கும் கட்டுரைக்கும் கோயில் சார்ந்த எழுத்துக்கும் நன்றாகப் பொருந்தும். ‘வைகறையில் பால் பாக்கெட் வந்தது’ என்று எழுதினால் ஒட்டாது.

‘கருக்கல்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். இருளும் ஒளியும் கலந்து, உருவம் தெரிந்து முகம் தெரியாத நேரம் அது. இதே சொல் மாலை மங்கலுக்கும் வழங்குவதால், காலையைச் சொல்லும்போது ‘விடியக்கருக்கல்’ அல்லது ‘விடியற்கருக்கல்’ என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ‘கருக்கலில் எழுந்து போனார்’ என்று இருந்தால் ‘எழுந்து’ என்ற வினையே காலை என்று காட்டிவிடும். ‘கருக்கலில் வந்து சேர்ந்தார்’ என்றால் எந்தக் கருக்கல் என்ற கேள்வி நிற்கும். மல்லிகைத் தோட்டத்தில் மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும் என்பதால் பூப்பறிக்கிறவர்கள் கருக்கலிலேயே தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார்கள். பச்சை இலைகளுக்கு நடுவே மொட்டின் வெண்மை மட்டும் தனியாகத் தெரியும். இலையின் நிறம் இன்னும் கறுப்பாகவே இருக்கும். கருக்கல் என்றால் எவ்வளவு வெளிச்சம் என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல அளவு எனக்குத் தெரியவில்லை.

ஏறக்குறைய இதே நேரத்தில்தான் கரிச்சான் கத்தத் தொடங்கும். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் இரட்டைவால் குருவி என்று பலரும் அறிந்த பறவை அது. காகமும் மைனாவும் வாய் திறப்பதற்கு வெகுமுன்பே, நன்றாக இருட்டாக இருக்கும்போதே அதன் குரல் கேட்டுவிடும். ‘கரிச்சான் கத்தும் நேரம்’ என்று எழுதினால் ஊர்ப்புற வாசகருக்கு வைகறையின் கடைசிப் பகுதி என்று உடனே புரியும். ‘காகம் கரையும் நேரம்’ என்றால் அதற்குப் பிந்தியது. பறவையைக் கொண்டு பொழுதைச் சொல்வதற்கு முன் எந்தப் பறவை எப்போது குரல் கொடுக்கிறது என்று உங்கள் ஊரிலேயே கவனித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ‘கிழக்கு வெளுத்தல்’. அடிவானத்தை ஒட்டி ஒரு சாம்பல் வெளுப்பு படரும். அதைத்தான் ‘கீழ்வானம் வெள்ளென்று’ என்று ஆண்டாளும் பாடினார். முதலில் வெளுப்பு, பிறகு சிவப்பு, பிறகு பொன் என்ற வரிசையை மாற்றிவிடாதீர்கள். ஒளி காற்றுமண்டலத்தின் நெடுந்தொலைவைக் கடந்து வரும்போது நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மிஞ்சுவதால், சூரியன் அடிவானத்தை நெருங்கும்போதுதான் கீழ்வானம் சிவக்கும். ‘செவ்வானம்’, ‘செக்கர் வானம்’ என்னும் சொற்கள் வழக்கில் மாலையையே முதலில் நினைவூட்டுகின்றன. காலைக்குக் ‘கீழ்வானம் சிவந்தது’ என்று திசையைச் சேர்த்து எழுதினால் குழப்பம் வராது. ‘அந்தி’க்கும் இதே நிலைதான். புறநானூற்றில் ‘காலை அந்தியும் மாலை அந்தியும்’ என்று இரண்டுக்கும் வழங்கியது உண்மை. ஆனால் இன்று ‘அந்தி’ என்று தனியாக எழுதினால் யாரும் காலையை நினைக்க மாட்டார்கள்.

வெளுப்பு பரவி, மரத்தையும் சுவரையும் பிரித்துப் பார்க்க முடிகிற நிலைக்கு ‘இருள் பிரிந்தது’ என்றும், அதற்கும் மேலே சென்று ஆள் முகம் தெரிகிற நிலைக்கு ‘விடிந்தும் விடியாத வேளை’ என்றும் எழுதலாம். முன்சொன்ன 6 பாகை நிலையை இந்தத் தொடர் மிக அழகாகப் பிடித்துவைத்திருக்கிறது. அதன் பிறகு ‘பலபலவென்று விடிந்தது’ அல்லது ‘பொலபொலவென்று விடிந்தது’ என்று வரும். வெளிச்சம் எல்லாப் பக்கமும் கொட்டிவிட்டது, ஆனால் சூரியன் இன்னும் வரவில்லை.

அதன் பின்னரே சூரியன் வருகிறது. ‘உதயம்’, ‘சூரியோதயம்’, ‘கதிரவன் எழுதல்’, ‘ஞாயிறு தோன்றுதல்’ எல்லாம் இந்தக் கணத்துக்கே உரியவை. ‘ஞாயிறு எழுந்தது’ என்று எழுதும்போது பக்கத்தில் கிழமை எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் பேச்சில் ‘பொழுது’ என்பதே சூரியன்தான். ‘பொழுது கிளம்பிவிட்டது’, ‘பொழுது ஏறிவிட்டது’ என்று உரையாடலில் எழுதினால் அதன் அழகே தனி. உதயத்துக்குப் பின் வருவது ‘இளவெயில்’. நிழல் நீளமாக விழும், உடம்புக்கு இதமாக இருக்கும். ‘வெயில் ஏறுமுன்’ என்ற தொடர் இந்த இளவெயில் முடியும் எல்லையைக் குறிக்கிறது. களையெடுக்கவும் நாற்றுநடவும் போகிறவர்கள் அந்த எல்லையை வைத்தே நேரத்தைக் கணக்கிடுவார்கள்.

நான்காம் படி: சமயம் சார்ந்த சொற்களைக் கணக்கோடு எழுதுங்கள்

கோயில் அறிவிப்பிலோ திருமண அழைப்பிதழிலோ வரும் சொற்களுக்குத் தனியாக வரையறை உண்டு. அவற்றை அழகுக்காகப் போடக் கூடாது. அருணன் சூரியனின் தேர்ப்பாகன் என்பது மரபு. ஆகவே அருணோதயம் சூரியோதயம் ஆகாது. தர்ம சாத்திரக் கணக்கில் சூரியன் தோன்றுவதற்கு 4 நாழிகைக்கு முன்பே, அதாவது 96 நிமிடம் முன்பே, அது தொடங்குகிறது. பிரம்ம முகூர்த்தமும் அதே 96 நிமிடம் முன்பாகத் தொடங்கி, ஒரு முகூர்த்த அளவாகிய 48 நிமிடம் நீடித்து, உதயத்துக்கு 48 நிமிடம் இருக்கும்போது முடிந்துவிடுகிறது. ஆறு மணிக்கு உதயம் என்றால் 4.24 முதல் 5.12 வரை. நான்கு மணி முதல் ஆறு மணி வரை எல்லாமே பிரம்ம முகூர்த்தம் என்று பேச்சில் தாராளமாகச் சொல்வதுண்டு. அச்சில் போடும்போது அந்தத் தாராளம் வேண்டாம்.

கோயில்களில் நாளின் முதல் பூசைக்கு உஷத்காலம் என்று பெயர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அதிகாலைப் பூசையைத் திருவனந்தல் என்று சொல்கிறார்கள். இறைவனைத் துயிலெழுப்பும் பாடல்கள் திருப்பள்ளியெழுச்சி. இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றி எழுதாமல், அந்தந்தக் கோயிலில் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதுவதே முறை.

தமிழ் முஸ்லிம்கள் வைகறைத் தொழுகையை ‘சுபுஹு’ என்றும், நோன்புக்கு முன் உண்ணும் உணவை ‘சஹர்’ என்றும் சொல்வார்கள். இங்கே முதல் வெளிச்சம் எது என்பது மார்க்கக் கடமையோடு சேர்ந்த கேள்வி. மிக இருண்ட இடங்களில் உண்மையான விடியலுக்கு முன்னால், அடிவானத்திலிருந்து மேல்நோக்கிக் கூம்பு போல் நிற்கும் ஒரு மங்கலான ஒளி தெரிவதுண்டு. கோள்களுக்கு இடையே உள்ள தூசியில் சூரிய ஒளி பட்டுச் சிதறுவதால் வருவது அது. அது விடியல் ஆகாது. அதன் பின், அடிவானத்தை ஒட்டிப் பக்கவாட்டில் பரவும் வெளிச்சமே உண்மையான விடியல். சஹர் முடிவதும் சுபுஹு தொடங்குவதும் அதை வைத்துத்தான். சூரியன் தோன்றியதும் சுபுஹின் நேரம் முடிந்துவிடும். தமிழ்க் கிறித்தவ எழுத்தில் ‘அருணோதயம்’, ‘விடிவெள்ளி’ இரண்டும் விவிலிய மொழிபெயர்ப்பின் வழியாக ஆழமாக வேரூன்றியவை. அங்கே அவை பெரும்பாலும் நம்பிக்கையின் அடையாளமாக வரும்.

ஐந்தாம் படி: நாள் எப்போது மாறுகிறது என்பதில் விழிப்பாக இருங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடம் இதுதான். கடிகாரத்தின்படி நள்ளிரவில் தேதி மாறுகிறது; பஞ்சாங்கத்தின்படி சூரியோதயத்தில்தான் கிழமை மாறுகிறது. செவ்வாய்க்கிழமை பின்னிரவு 3 மணிக்குப் பிறந்த குழந்தைக்குப் பஞ்சாங்கத்தில் திங்கட்கிழமைதான். சாதகத்தில் ‘உதயாதி நாழிகை’ என்று எழுதுவது அன்றைய உதயத்திலிருந்து கடந்த நாழிகையை. ஆறு மணிக்கு உதயமான நாளில் 7.12 மணி என்றால் உதயாதி 3 நாழிகை.

அழைப்பிதழில் ‘ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 4.30 மணி’ என்று மட்டும் போட்டால், சனிக்கிழமை இரவே வந்து தங்க வேண்டுமா, ஞாயிறு இரவு கழிந்த பின்னா என்று வயதானவர்கள் தடுமாறுவது இயல்பு. இதற்குத் தமிழிலேயே ஒரு தீர்வு இருக்கிறது: ‘சனிக்கிழமை இரவு, விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை’ என்று எழுதிவிடுங்கள். ‘விடிந்தால் தீபாவளி’, ‘விடிந்தால் கல்யாணம்’ என்று நாம் சொல்வதும் இதே முறையில்தான்.

ஆறாம் படி: வினைகளையும் எழுத்தையும் சரிபாருங்கள்

விடியும் வினைக்கு எழுவாய் பொழுது. ‘பொழுது விடிந்தது’ என்றோ எழுவாயை விட்டு ‘விடிந்தது’ என்றோ எழுதலாம், ‘சூரியன் விடிந்தது’ என்று எழுதக் கூடாது. சூரியன் உதிக்கும், எழும், தோன்றும், கிளம்பும். கிழக்கு வெளுக்கும், சிவக்கும். இருள் பிரியும், விலகும், அகலும். பொழுது புலரும். ‘புலர்தல்’ என்பதற்கு ஈரம் உலர்தல் என்ற பொருளும் உண்டு. ‘பொழுது புலர்ந்தது’ என்று தன்வினையாக எழுதுவதைப் ‘புலர்த்தியது’ என்று மாற்றினால், துணி காயவைத்தது போல் பொருள் திரிந்துவிடும். ‘விடிய விடிய’ என்பது விடியும் நேரத்தைக் குறிப்பதல்ல. இரவு முழுவதும் என்பதே அதன் பொருள். ‘விடிவு’ என்ற பெயர்ச்சொல் இன்று துன்பம் நீங்குவதையே குறிக்கிறது. வானத்தைச் சொல்ல ‘விடியல்’ என்றே எழுதுங்கள். அந்த ‘விடியல்’ என்ற சொல்லுக்கும், ‘உதயசூரியன்’ என்ற சொல்லுக்கும் தமிழ்நாட்டில் அரசியல் சாயல் உண்டு. ஒன்று அரசுப் பேருந்தில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் திட்டத்தின் பெயரில் இருக்கிறது, மற்றொன்று திமுகவின் தேர்தல் சின்னம். தலைப்பு வைக்கும்போது இதையும் எண்ணிப் பாருங்கள்.

விடியல் என்பதும் காலை என்பதும் சேரும்போது ‘விடியற்காலை’ ஆகும்; ‘விடியல்காலை’ என்று எழுதக் கூடாது. ‘வைகறைப் பொழுது’, ‘காலைப்பொழுது’ என்பவற்றில் ஒற்று மிகும். சூரிய, உதயம் இரண்டும் சேர்ந்தால் ‘சூரியோதயம்’. பிரித்து எழுதினால் ‘சூரிய உதயம்’. ‘சூரியோதயம் உதித்தது’ என்று உதயத்தை இரண்டு முறை சொல்ல வேண்டாம்.

ஏழாம் படி: உரையாடலில் ஊரின் சொல்லை வையுங்கள்

எழுத்துநடையில் இதுவரை பார்த்தவை போதும். பாத்திரங்கள் பேசும்போது அவரவர் ஊரின் சொல் வர வேண்டும். தென் மாவட்டங்களில் சீக்கிரமாக வரச்சொல்ல ‘வெள்ளன வந்துரு’ என்பார்கள். கிழக்கு வெளுக்கும் ‘வெள்ளென’ தான் இங்கே பேச்சில் இப்படி வாழ்கிறது. யாழ்ப்பாணத்தில் ‘வெள்ளெனவே எழும்பிப் போட்டார்’, ‘விடியப்புறம் வந்தவர்’, ‘நாளைக்குக் காலமை வாறன்’ என்று கேட்கலாம். கோவை, ஈரோடு பக்கம் ‘வெடியால நேரமே வந்துருங்க’ என்று மரியாதையோடு வரும். ‘காலம்பற’, ‘விடியக்காலம்பற’ என்பவை தஞ்சைப் பக்கத்துப் பேச்சில் பழகியவை. ‘காலங்காத்தால’ என்பது எங்கும் கேட்கும். அதில் பெரும்பாலும் ஒரு சலிப்போ கண்டிப்போ கலந்திருக்கும் என்பதைக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்துப் பாட்டியின் வாயில் ‘வெடியால’ வந்துவிட்டால் அந்தக் காட்சி முழுவதும் பொய்யாகிவிடும்.

எட்டாம் படி: மொட்டை மாடிக்குப் போய்ப் பழகுங்கள்

இந்தச் சொற்களை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை. கிழக்கு திறந்த ஓர் இடத்தில், உதயத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். கைப்பேசியின் வெளிச்சம் கண்ணைக் கெடுத்துவிடும் என்பதால் அதை உள்ளேயே வைத்துவிட்டு, ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வெளுப்பு எந்தப் பக்கம் தெரிந்தது, முதலில் குரல் கொடுத்த பறவை எது, கடைசி விண்மீன் எப்போது மறைந்தது, உங்கள் கையெழுத்தை நீங்களே படிக்க முடிந்தது எப்போது, எதிர்வீட்டுக் கதவின் நிறம் எப்போது தெரிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மார்கழியாக இருந்தால் தெருவில் வாசல் தெளிக்கும் சத்தத்தையும், தெருவிளக்கின் கீழே வெள்ளையாக மட்டும் தெரியும் கோலப்பொடி எந்தக் கணத்தில் தன் நிறங்களைக் காட்டத் தொடங்குகிறது என்பதையும் கவனிக்கலாம். மேகமூட்டமான நாளும் விட்டுவிடத் தக்கதல்ல. அன்றைக்குச் சூரியன் தெரியாமலே விடிந்துவிடும், ‘விடிந்தது’ என்ற சொல்லும் ‘உதித்தது’ என்ற சொல்லும் எப்படித் தனித்தனி என்பது அன்றைக்குத்தான் கண்கூடாகும்.

பிறகு அந்தக் குறிப்பை வைத்து நீங்கள் முன்பு எழுதிய ஒரு பத்தியைத் திருத்திப் பாருங்கள். ‘அதிகாலையில் நாங்கள் ராமேசுவரத்தை அடைந்தோம். அதிகாலையிலேயே தனுஷ்கோடிக்குப் புறப்பட்டோம். அங்கே அதிகாலையில் சூரிய உதயம் பார்த்தோம்’ என்று இருந்தால், அதை இப்படி மாற்றலாம்: ‘பின்னிரவில் ராமேசுவரத்தை அடைந்தோம். கருக்கலில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டபோது சாலையின் இருபுறமும் தண்ணீர் இருப்பது சத்தத்தால்தான் தெரிந்தது. கிழக்கு வெளுத்துக் கடலுக்கும் வானுக்கும் இடையே கோடு விழுந்த பிறகு வண்டியை நிறுத்தினோம். கீழ்வானம் சிவந்து, சற்று நேரத்தில் பொழுது கிளம்பியது.’ இங்கே கடைசியில் ‘பொழுது கிளம்பியது’ என்பது உங்கள் நடைக்கு ஒட்டவில்லை என்றால் ‘கதிரவன் எழுந்தான்’ என்றோ ‘சூரியன் தோன்றியது’ என்றோ வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கருக்கலையும் வெளுப்பையும் சிவப்பையும் அவை வந்த வரிசையிலேயே விட்டுவிடுங்கள்.